மடிக்காத இறக்கை

எங்கள் அண்ணி பள்ளிப் பேருந்து ஓட்டுகிறார். அந்தப் பேருந்து நாற்பதைத் தாண்டிப் போய் யாரும் பார்த்ததில்லை. சாலை காலியாகக் கிடந்தாலும், பின்னால் வருபவர்கள் ஹாரனை அழுத்திக் காதைக் கிழித்தாலும், முள் நாற்பதுக்கு இந்தப் பக்கமே நிற்கும். அதனால் பிள்ளைகள் அவருக்கு ஆமை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். முகத்துக்கு நேராகவே கூப்பிடுவார்கள்.

"ஆமை அக்கா, அந்த சைக்கிள்காரர் நம்மளை முந்திட்டாரு!"

"அவருக்கு என்ன அவசரமோ, போகட்டும் விடு" என்பார் அண்ணி, கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பேருந்தில் இன்னொரு சட்டமும் உண்டு. இறங்கும் பிள்ளை சாலையோரம் போய், திரும்பி நின்று, கையசைக்க வேண்டும். கையசைத்தால்தான் பேருந்து நகரும். மறந்துவிட்டு ஓடுகிற பிள்ளை வீட்டு வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால், பேருந்து அப்படியே நின்றுகொண்டிருக்கும். உள்ளே இருக்கிற மற்ற பிள்ளைகள் ஜன்னல் வழியாகக் கத்துவார்கள்: "டேய், கையைக் காட்டித் தொலைடா, பசிக்குது!" அந்தப் பேருந்தில் நானும் சில வருடம் போயிருக்கிறேன். அப்போது அவர் எங்கள் அண்ணி இல்லை, வெறும் ஆமை அக்கா.

இதே அண்ணி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊருக்குப் பின்னால் இருக்கும் மலையின் உச்சிக்குப் போய், இருக்கை வாரை உடம்பில் மாட்டிக்கொண்டு, தரை முடிகிற இடத்தை நோக்கி ஓடுவார். தரை முடிந்த பிறகும் கால்கள் ஓடிக்கொண்டிருக்கும்.

பாராகிளைடர் என்பது, பார்த்திராதவர்களுக்காகச் சொல்கிறேன், வில் போல வளைந்து நிற்கும் ஒரு பெரிய துணி. அதிலிருந்து மெல்லிய கயிறுகள் கொத்துக்கொத்தாக இறங்கி ஒரு இருக்கையில் வந்து சேரும். இஞ்சின் கிடையாது. வெயிலில் சூடாகி மேலே எழும்பும் காற்றைக் கண்டுபிடித்து, பருந்து மாதிரி அதற்குள் வட்டமடித்து உயர வேண்டும். அந்தக் காற்று கிடைக்காவிட்டால் கீழே வர வேண்டியதுதான். பறப்பவர்கள் அந்தத் துணியை இறக்கை என்பார்கள். எங்கள் அம்மாவுக்கு அது துணிதான்.

நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு, அடுத்து என்ன என்று தெரியாமல் வீட்டுக்கும் மொட்டை மாடிக்கும் நடந்துகொண்டிருக்கிறேன். இருக்கிற இடத்தில் இருப்புக்கொள்ளாது என்று அம்மா என்னைப் பற்றி எல்லோரிடமும் சொல்வார். அதனாலோ என்னவோ, எங்கள் தெருவில் அண்ணியைப் பற்றி விசாரிக்க நினைப்பவர்கள் என்னைத்தான் பிடித்துக்கொள்கிறார்கள். "ஏன் இப்படி உயிரோட விளையாடறாங்க? வீட்டுல ஏதாவது பிரச்சனையா?" என்று எதிர்வீட்டு அக்கா கேட்டார். உயிர்மேல் ஆசை இல்லாதவர்கள்தான் இப்படியெல்லாம் செய்வார்கள் என்று மளிகைக்கடைக்காரர் முடிவே கட்டிவிட்டார். அவர்களுக்கெல்லாம் வாயால் பதில் சொல்லிப் பார்த்தேன். சரியாக வரவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

அண்ணியிடம் கேட்டால் ஆளுக்கொரு பதில் சொல்வார். பேருந்துப் பிள்ளைகளிடம், "மேல ஹாரன் அடிக்க ஆள் இல்லடா" என்பார். அண்ணனிடம், "உங்க குறட்டைச் சத்தம் அங்க கேக்காதுங்க." என்னிடம் ஒருமுறை மட்டும், மொட்டை மாடியில் இறக்கையின் கயிறுகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிச் சோதித்துக்கொண்டிருந்தபோது, கொஞ்சம் யோசித்துச் சொன்னார்.

"பஸ்ல பயம் எப்பவும் இருக்கும். ஆனா அது எங்க இருக்குன்னு தெரியாது. பந்து எடுக்க யார் ஓடி வருவான், நாய் எங்கேர்ந்து குதிக்கும், எவன் குடிச்சிட்டு வருவான். நாள் முழுக்க முதுகுல பூச்சி ஊர்ற மாதிரி. மேல போனா பயம் ஒரே இடத்துல நிக்குது. நேரா மூஞ்சிக்கு முன்னாடி. அதைப் பார்த்துக்கிட்டே இருக்கலாம்."

"அது நல்லா இருக்குமா அண்ணி?"

"குளிச்ச மாதிரி இருக்கும்" என்றார்.

அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்த நாளில் அவரோடு இரண்டு பெட்டியும் ஒரு பிரம்மாண்டமான மூட்டையும் வந்தன. அம்மா அதை அமுக்கிப் பார்த்தார்.

"மெத்தையாம்மா? இங்கதான் இருக்கே, எதுக்குத் தூக்கிட்டு வந்த?"

"மெத்தை இல்ல அத்தை. பறக்கறது."

அம்மா அண்ணனைப் பார்த்தார். அண்ணன் கூரையைப் பார்த்தான். அவனுக்கு முன்பே தெரியும், சொல்லத்தான் தைரியம் வரவில்லை. கல்யாணத்துக்கு முன்பு அம்மாவிடம் "ஞாயித்துக்கிழமை கொஞ்சம் வெளில போவா" என்று மட்டும் சொல்லி வைத்திருந்தான். "வெளிலன்னா மேலன்னு எனக்கு எப்படிடா தெரியும்?" என்று அம்மா அவனைப் பல நாள் விடவில்லை.

அம்மாவின் பயத்துக்குக் காரணம் உண்டு. அப்பா ஒரு நாள் பகலில் பல்பு வாங்கக் கடைக்குப் போனார். திரும்பும் வழியில் நெஞ்சு வலித்திருக்க வேண்டும். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார், உட்கார்ந்தபடியே போய்விட்டார். வெகுநேரம் ஆகியும் வராததால் அம்மா தேடிக்கொண்டு போனார். அதற்குள் எத்தனையோ பேர் அந்தப் பெஞ்சைக் கடந்து போயிருந்தார்கள். எல்லோரும் அவர் தூங்குகிறார் என்று நினைத்திருக்கிறார்கள். அம்மா போய்ச் சேர்ந்தபோது ஒருவர் பக்கத்திலேயே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். பல்பு உடையாமல் அப்பாவின் மடியில் இருந்தது. யார்மீதும் தப்பு இல்லை. அம்மாவும் யாரையும் திட்டியதில்லை. ஆனால் வீட்டில் யாராவது வெளியே போய்க் கொஞ்சம் தாமதமானால் அம்மா செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பார்.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, தையல் மெஷினில் உட்கார்ந்தபடியே அம்மா அண்ணியைக் கூப்பிட்டார். அம்மா வீட்டிலிருந்தே பள்ளிச் சீருடை தைப்பவர். முக்கியமான விஷயங்களை மெஷினின் சக்கரத்தில் கை வைத்துக்கொண்டுதான் பேசுவார்.

"நான் உன்னைப் போகாதன்னு சொல்லல. சொன்னா கேக்கற வயசும் உனக்கு இல்ல. ஒரே ஒரு கண்டிஷன். என்னிக்காவது ஒரு நாள் நாங்க உன்னைத் தேடிக்கிட்டு ஓடற மாதிரி ஆச்சுன்னா, அன்னியோட சரி. இந்த மூட்டை பரணுக்குப் போயிடணும்."

"சரி அத்தை."

"சும்மா தலையாட்டாத."

"சத்தியமா, அத்தை."

கையசைக்காத பிள்ளைக்காகப் பேருந்தை நிறுத்தி வைக்கிறவர் சத்தியத்தை எப்படிக் காப்பாற்றுவார் என்று நீங்களே நினைத்துக்கொள்ளலாம். அதுவரை மலையைத் தாண்டிப் பறந்திராத அண்ணி, அன்றிலிருந்து அதன் முன்பக்கத்தை விட்டு எங்கும் போகவில்லை. முன்பக்கத்தில் இறங்குவதற்கென்றே ஒரு மைதானம் இருக்கிறது. எழும்புவார், சுற்றுவார், அதே மைதானத்தில் இறங்குவார், உடனே வீட்டுக்குப் போன் போடுவார். "இறங்கிட்டேன் அத்தை." "ம்" என்று சொல்லி அம்மா வைத்துவிடுவார்.

மற்றவர்கள் மலை முகட்டைத் தாண்டி அந்தப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போவார்கள். அங்கே ஒரு ஏரி உண்டு, அதற்கும் அப்பால் வெகு தூரத்தில் ஒரு அணைக்கட்டு உண்டு. அந்த அணைக்கட்டு வரை பறந்துவிட வேண்டும் என்பது அண்ணியின் கூட்டத்தில் இருந்த பல் டாக்டரின் பல வருட ஆசை. நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அன்றைய காற்றைப் பற்றிப் பேசுகிற ஆள் அவர். கூட்டத்தில் ஒரு தபால்காரரும் உண்டு. இவர்களுக்கெல்லாம் கற்றுக்கொடுத்தவரை எல்லோரும் கேப்டன் என்பார்கள். எங்கள் அண்ணன் வாய் சும்மா இராமல் பேருந்துப் பட்டப்பெயரை அங்கேயும் சொல்லி வைத்ததில், பறக்கும்போது பேசிக்கொள்ளும் வாக்கி-டாக்கியிலும் அண்ணி ஆமைதான்.

எப்போதாவது நானும் அண்ணனோடு மைதானத்துக்குப் போவேன். அண்ணி இறங்கியதும் தண்ணீர்கூடக் குடிக்காமல் முதலில் இறக்கையைச் சுருட்டி மடிப்பார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாலும் அதுதான் முதல் வேலை. ஒருநாள் ஏன் இந்த அவசரம் என்று கேட்டேன்.

"மேல இருக்கறவங்களுக்கு நாம எறும்பு மாதிரி. உக்காந்திருக்கமா, விழுந்து கிடக்கமா, ஒண்ணும் தெரியாது. இறக்கை மட்டும்தான் தெரியும். மடிச்சிட்டா நல்லா இருக்கேன்னு அர்த்தம். விரிச்சே கிடந்தா எனக்கு அடி, வாங்கன்னு அர்த்தம்."

"பார்த்தா வந்துடுவாங்களா?"

"வந்துதான் ஆகணும்."

"இதுவரைக்கும் வந்திருக்காங்களா?"

"எங்க கூட்டத்துல இதுவரைக்கும் யாரும் மடிக்காம விட்டதில்லடி" என்று சிரித்தார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்குச் சீருடைத் துணி எடுக்க வேண்டியிருந்தது. அண்ணி ஓட்டும் பேருந்தில் போகிற பிள்ளைகளுக்கான நீலக் கட்டம் போட்ட துணிதான். மொத்த வியாபாரக் கடை மலைக்கு அந்தப் பக்கத்து ஊரில் இருந்தது. அண்ணன் காரில் எங்களைக் கூட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. முந்தின நாள் சாப்பிடும்போது அண்ணி மெதுவாக ஆரம்பித்தார்.

"ஏங்க, நாளைக்கு நீங்க எப்படியும் அந்தப் பக்கம்தானே வர்றீங்க?"

"ஆமா."

"நானும் அந்தப் பக்கம் வந்து ஏரிகிட்ட இறங்கினா, வர்ற வழியில என்னை ஏத்திக்கலாம்ல?"

அண்ணன் அம்மாவைப் பார்த்தான். அம்மா தட்டைப் பார்த்தார்.

"அது தேடி வர்றதுல சேராது இல்ல அத்தை?" என்றார் அண்ணி. "நீங்க துணி எடுக்க வர்றீங்க. நான் வழியில நிக்கறேன். பஸ் ஸ்டாப்புல நிக்கற மாதிரி."

பஸ் ஸ்டாப் என்று சொல்லியிருக்க வேண்டாம். சொன்ன பிறகு அவருக்கே தெரிந்து நாக்கைக் கடித்துக்கொண்டார். அம்மா எழுந்து போய்க் கை கழுவினார். திரும்பி வந்து, "தண்ணி பாட்டில் ரெண்டா எடுத்துக்கோ" என்றார். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் துணியை எடுத்துக்கொண்டு மலைப்பாதையில் திரும்பிக்கொண்டிருந்தோம். துணி மூட்டை பின் இருக்கையில் அம்மாவுக்குப் பக்கத்தில். அண்ணி கொடுத்து அனுப்பிய வாக்கி-டாக்கி என் கையில். அது வளைவுக்கு வளைவு உயிர் பெறும், வளைவுக்கு வளைவு செத்துப்போகும். "ஆமை முகட்டைத் தாண்டிடுச்சு! ஆமை தாண்டிடுச்சு!" என்று கேப்டனின் குரல் கேட்டது. அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டிச் சிரித்தான். அம்மா ஜன்னல் வழியாக வானத்தைப் பார்க்கவில்லை, ஆனால் கண்ணாடியை இறக்கிவிட்டார்.

கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு பல் டாக்டரின் குரல்.

"கேப்டன், ஆமை ஏரிக்குப் பக்கத்துல இறங்கியிருக்கு. இறக்கை விரிச்சே கிடக்கு."

"இப்பதானே இறங்கியிருப்பா, மடிப்பா டாக்டர்."

"இல்ல. நான் ரெண்டு சுத்து சுத்திட்டேன். விரிச்சேதான் இருக்கு. ஆளும் அசையல. ஆமை, ஆமை, கேக்குதா? ஆமை?"

பதில் இல்லை.

"நான் இறங்கறேன்" என்றார் டாக்டர்.

"டாக்டர், நீங்க நல்ல உயரத்துல இருக்கீங்க. இன்னிக்கு விட்டா அணைக்கட்டு..."

"இறங்கறேன்னு சொன்னேன்ல."

அதோடு ஒரு வளைவு வந்தது, வாக்கி-டாக்கி செத்துப்போனது.

அண்ணிக்குப் போன் போட்டுப் பார்த்தேன், மலைப்பாதையில் சிக்னல் இல்லை. அண்ணன் காரை விரட்டினான்.

"துணி விரிச்சிருந்தா என்னடி?" என்றார் அம்மா.

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"கேக்கறேன்ல? ரெண்டு பேர் வாயிலயும் பூட்டா? துணி விரிச்சிருந்தா என்ன அர்த்தம்?"

"அடி பட்டிருக்குன்னு அர்த்தம்மா" என்றேன்.

அம்மா கத்துவார் என்று நினைத்தேன், அழுவார் என்று நினைத்தேன். அம்மா துணி மூட்டையின் கட்டை அவிழ்த்தார். புதுத் துணியின் ஓரத்தைப் பல்லால் கடித்து, ஒரு இழு இழுத்தார். கிர்ரென்று ஒரு நீளப் பட்டை கிழிந்து வந்தது. அதை மடியில் போட்டுவிட்டு அடுத்ததைக் கடித்தார். ஒரு விரற்கடைத் துணியைக்கூட வீணாக்காதவர் அவர். வெட்டியதில் மிஞ்சிய துண்டை வைத்துப் பாக்கெட் தைப்பவர். காலுக்கு அகலமாக, கைக்கு ஒடுக்கமாக, தலைக்கு நீளமாக, கட்டுப் போடுவதற்கான பட்டைகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கிழித்துக்கொண்டே வந்தார். அந்த மலைப்பாதை முழுவதும் காருக்குள் கேட்ட சத்தம் அது ஒன்றுதான்.

கடைசி வளைவில் பள்ளத்தாக்கு திறந்தது. ஏரி தெரிந்தது. ஏரிக்கு இந்தப் பக்கம் அறுவடை முடிந்த வெற்று நிலம். அங்கே ஒரு இறக்கை இல்லை. ஐந்து இறக்கைகள். சிவப்பு, மஞ்சள், பச்சை என்று நிலம் முழுவதும் விரிந்து கிடந்தன, ஒன்றுகூட மடிக்கப்படாமல்.

"ஐயோ," என்றார் அம்மா, "எல்லாருக்குமா?"

அண்ணன் காரைச் சரியாக நிறுத்தக்கூட இல்லை. அதற்குள் அம்மா கதவைத் திறந்து இறங்கி ஓட ஆரம்பித்துவிட்டார். கை நிறைய நீலக் கட்டம் போட்ட பட்டைகள். பாதி வழியில் செருப்பு அறுந்தது. அதை உதறிவிட்டு ஓடினார். என் அம்மா ஓடி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கிட்டே போனபோது சிரிப்புச் சத்தம் கேட்டது.

நடந்தது இதுதான். இதை அங்கிருந்த ஒவ்வொருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொல்லியிருக்கிறார்கள், ஒவ்வொருவரும் தன்னைக் கொஞ்சம் கூடுதல் வீரமாகக் காட்டி. அண்ணி முகட்டைத் தாண்டினார். வருடக்கணக்காக அதன் விளிம்பு வரை போய்த் திரும்பி வந்தவர், அன்று திரும்பவில்லை. இந்தப் பக்கம் வந்து ஏரியைச் சுற்றிப் பஞ்சு மாதிரி இறங்கினார். இருக்கை வாரைக் கழற்றினார். ஹெல்மெட்டைக் கழற்றிக் கீழே வைத்தார். வாக்கி-டாக்கியும் அதன் சின்ன ஸ்பீக்கரும் அந்த ஹெல்மெட்டோடுதான் இருந்தன. பிறகு திரும்பி, தான் தாண்டி வந்த மலையைப் பார்த்தார். இத்தனை நாள் முன்பக்கத்தை மட்டுமே பார்த்த மலை. அதன் முதுகு எப்படி இருக்கும் என்று அன்றுதான் கண்டார். கொஞ்ச தூரம் நடந்து போய் ஒரு வரப்பில் உட்கார்ந்தார். அழுகை வந்தது. எதற்கு என்று தெரியாமல் தலையைக் குனிந்துகொண்டு அழுதார். அங்கே கீழே ஹெல்மெட் "ஆமை, ஆமை" என்று கத்திக்கொண்டிருந்தது, கேட்க ஆள் இல்லை.

எதையும் மறக்காத அண்ணி, மறக்கக் கூடாத அந்த ஒன்றை மறந்துவிட்டார்.

பல் டாக்டர் அவசரத்தில் நிலத்தின் ஓரத்து முள் புதரிலேயே இறங்கினார். எப்படியோ வாரை அவிழ்த்துவிட்டு, தன் இறக்கையையும் ஹெல்மெட்டையும் அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"எங்க அடி? எங்க அடி?"

அண்ணி முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார். "எங்கயும் இல்லையே டாக்டர். நீங்க ஏன் இங்க?"

"அப்புறம் ஏன் விரிச்சு வெச்சிருக்க?"

அண்ணி திரும்பிப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரத்தில் இருவரும் ஆளுக்கு ஒரு இறக்கையை மடித்திருந்தால் கதை முடிந்திருக்கும். அண்ணி மன்னிப்புக் கேட்கவும் டாக்டர் மூச்சு வாங்கவுமே நேரம் சரியாக இருந்தது. மேலே வந்த தபால்காரர் பார்த்தது இரண்டு விரிந்த இறக்கைகள். இரண்டு பேருக்கு அடி என்று பதறிப் பாய்ந்து இறங்கி, தன்னுடையதைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "எங்க அடி?" அவரைப் பார்த்துக் கேப்டன். கேப்டனைப் பார்த்து, அவர்கள் கூட்டத்து இன்னொரு பெண். இருக்கிறவர்கள் எல்லோரும் சேர்ந்து ஆமையைத் திட்டிக்கொண்டிருந்த மும்முரத்தில் ஒருவருக்கும் மடிக்கத் தோன்றவில்லை. கேப்டன் உட்பட. பிறகு யாரோ சுற்றிலும் பார்த்துவிட்டுச் சிரிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.

அம்மா அந்தச் சிரிப்புக்குள்தான் ஓடிப் போய்ச் சேர்ந்தார். நேராக அண்ணியின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்து, தலை, தோள், கை, முட்டி, கணுக்கால் என்று அமுக்கி அமுக்கிப் பார்த்தார்.

"எங்கம்மா அடி?"

அந்தக் கேள்வி வந்ததும் எல்லோரும் வெடித்துச் சிரித்தார்கள். அம்மா நிமிர்ந்து பார்த்தார். சிரிப்பு நின்றது.

"அடி இல்ல அத்தை" என்றார் அண்ணி. "மடிக்க மறந்துட்டேன். அவ்ளோதான்."

அம்மா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். பிறகு அதே இடத்தைத் தடவிக் கொடுத்தார்.

அண்ணி எழுந்தார். அம்மாவின் வெறுங்கால்களையும் கையில் இருந்த பட்டைகளையும் பார்த்தார்.

"நான் சத்தியம் பண்ணினேன் அத்தை. தேடி ஓடி வர வெச்சுட்டேன். இன்னியோட சரி." சொல்லிவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் போய், தன் இறக்கையைச் சுருட்ட ஆரம்பித்தார். அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். "நீங்க சும்மா இருங்க" என்றார் அண்ணி.

அவரவர் தங்கள் இறக்கைகளை மடிக்கப் போனார்கள். டாக்டர் மட்டும் அங்கேயே நின்றார். கால்சட்டை முட்டியில் கிழிந்திருந்தது, முழங்கையில் முள் கீறி ரத்தம் வந்துகொண்டிருந்தது. அம்மா அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, கைக்காகக் கிழித்த பட்டையைச் சுற்ற ஆரம்பித்தார்.

"நீங்கதான் முதல்ல வந்தவரா?"

"ஆமாம்மா."

"எங்கயோ போகணும்னு இருந்தீங்களாமே. ரேடியோவில கேட்டேன்."

"அணைக்கட்டு. இருக்கட்டும்மா, அது எங்கயும் போகாது. நல்லவேளை, அடி இல்ல. இவளுக்கு அடிபடலியே, வீணா இறங்கிட்டேனேன்னா வருத்தப்பட முடியும்?"

அம்மா முடிச்சுப் போட்டார்.

"துணி மடிக்கலன்னா யாரா இருந்தாலும் வந்துடுவீங்களா?"

"யாரா இருந்தாலும்."

"முன்னப்பின்ன தெரியாதவங்களா இருந்தா?"

"மேலேர்ந்து பார்த்தா யாருன்னு எங்கம்மா தெரியும்?"

"சும்மா உக்காந்து ஓய்வெடுக்கறாங்க போலன்னு நினைச்சு..." அம்மா வாக்கியத்தை முடிக்கவில்லை.

"நினைச்சுக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டர். "இறங்கிப் போய்ப் பார்த்துடணும்."

அவருக்கு எங்கள் அப்பாவைப் பற்றித் தெரியாது. அதனால் அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மா அங்கேயே உட்கார்ந்திருந்தார். நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

பிறகு அம்மா எழுந்து அண்ணியிடம் போனார். அண்ணி அரைகுறையாகச் சுருட்டிக்கொண்டிருந்தார். கண்ணீரில் துணி ஒழுங்காகப் படியவில்லை.

"இப்படியா மடிக்கறது? தள்ளு" என்றார் அம்மா. மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் வீட்டில் படுக்கை விரிப்பை மடிப்பதுபோல் எதிரெதிரே நின்றார்கள்.

"பரண்ல இடம் இருக்கா அத்தை?" என்றார் அண்ணி.

"எதுக்கு?"

"சத்தியம் பண்ணினேனே."

"நாங்க உன்னைத் தேடிக்கிட்டா வந்தோம்?" அம்மா ஓரத்தை நீவிவிட்டார். "நான் துணி எடுக்க வந்தேன். வழியில நீ நின்ன. நீதானே நேத்து சொன்ன?"

"அத்தை, நீங்க செருப்பு அறுந்து ஓடி..."

"அது பழைய செருப்பு." கடைசி மடிப்பை வைத்தார். கையில் மிஞ்சியிருந்த பட்டைகளில் நீளமான ஒன்றை எடுத்து, சுருட்டிய இறக்கையைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். "இனிமே மொதல்ல மடி. அப்புறம் அழு."

அண்ணி அங்கேயே, மடித்து முடித்த பிறகு, இன்னொரு தடவை அழுதார்.

அன்று அந்த ஐந்து பேரையும் எங்கள் காரில் திணித்து, மூட்டைகளைக் காரின் மேலே கட்டி, மலையைச் சுற்றிக் கொண்டுவந்தோம். அண்ணிதான் ஓட்டினார். நாற்பதில். "இதுக்கு நாங்க நடந்தே போயிருப்போம்" என்றார் தபால்காரர். அம்மா முன் இருக்கையிலிருந்து திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அதன்பிறகு யாரும் வேகத்தைப் பற்றிப் பேசவில்லை.

பல் டாக்டர் பின்னொரு நாள் அணைக்கட்டு வரை பறந்துவிட்டார். அன்று அண்ணி பறக்கவில்லை. டாக்டரை ஏற்றி வருவதற்காகக் காரை எடுத்துக்கொண்டு சாலை வழியாகப் பின்தொடர்ந்தார். டாக்டர் இறங்கி, உடனே மடித்து, கரையில் குட்டித் தூக்கம் போட்டு எழுந்து, பாட்டிலில் இருந்த கடைசிச் சொட்டையும் குடித்துவிட்ட பிறகுதான் ஆமை வந்து சேர்ந்ததாம். அவர் போகிற வருகிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார். வாயைத் திறந்து வைத்திருக்கும் நோயாளிகளிடமும்.

எதிர்வீட்டு அக்காவுக்கு நான் சொல்ல நினைத்தது இதுதான். இவர்கள் உயிரை லேசாக நினைப்பவர்கள் என்று நீங்கள் சொல்கிறீர்கள். ஒரு துணி மடிக்காமல் கிடந்ததற்காக, ஆசைப்பட்டு ஏறிய உயரத்தையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே வந்த நான்கு பேரை நான் பார்த்தேன். பயம் எங்கே இருக்கிறது என்று நேராகப் பார்க்கப் பழகியவர்கள் மற்றவர்களையும் அப்படித்தான் பார்க்கிறார்கள் போல. அப்பா உட்கார்ந்திருந்த பெஞ்சைக் கடக்கும்போது இப்போதெல்லாம் யாராவது கண்ணை மூடி உட்கார்ந்திருந்தால், நான் நின்று, "தூங்கறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் போகிறேன். சிலர் திட்டுகிறார்கள். "தூங்கிக்கிட்டுத்தான் இருந்தேன், எழுப்பிட்டியே" என்று ஒருவர் கோபித்துக்கொண்டார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அண்ணி இன்னும் ஞாயிற்றுக்கிழமைகளில் போகிறார். மூட்டையில் அந்த நீலக் கட்டம் போட்ட பட்டைதான் கட்டியிருக்கும். இறங்கியதும் போன் வரும்.

"இறங்கிட்டேன் அத்தை."

அம்மா இப்போது "ம்" என்று சொல்லி வைப்பதில்லை.

"மடிச்சியா?"

"மடிச்சிட்டேன் அத்தை."

"சரி. இப்ப வேணும்னா அழு" என்று சொல்லிவிட்டு, சிரித்துக்கொண்டே வைத்துவிட்டு, மெஷினை மிதிக்க ஆரம்பிக்கிறார்.